சாவிக்குள் ஒரு சாவி!

பாட்டரி தீர்ந்து பூட்டிக்கிடக்கும் காரைத் திறப்பது எப்படி?

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலுக்குப் புது வண்டி வாங்கியவர்கள் வருவது வழக்கம். சித்தூரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். வேலூர், சென்னை, பெங்களூர் என்று பல திசைகளிலிருந்தும் வண்டிகள் வந்து சேருகின்றன. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கி வண்டிக்குப் பூஜை போடுகிறார்கள்.

பூஜை போட்டாயிற்று. அந்த வண்டியின் பாட்டரி ஒரு நாள் தீர்ந்துபோய், ரிமோட் சாவியை எத்தனை முறை அழுத்தினாலும் கதவு திறக்காமல் நின்றால் என்ன செய்வது? இதைக் கேட்டால் புதுக் கார் வாங்கியவர்களில் பலர் விழிக்கிறார்கள். விடை அவர்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆனால் அது இருப்பது தெரியாது.

காணி நிலத்து ஊர்

காணி என்பது தமிழர் நிலம் அளந்த சொல். பாக்கம் என்றால் ஊர். பெயரிலேயே தமிழ் மணக்கும் இந்த ஊர் பாகுதா நதிக்கரையில் இருக்கிறது. சித்தூர் மாவட்டம் 1911-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமைக்கப்பட்டது. அதற்கு முன்பு இந்தப் பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது.

ஊனமுற்ற சகோதரர்கள் மூவர் கிணறு வெட்டும்போது சுயம்புவாக விநாயகர் தோன்றினார் என்பது தல வரலாறு. இங்கே பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்பது மக்கள் நம்பிக்கை. ஆகவே ‘நான் விளக்கை அணைத்துவிட்டுத்தான் இறங்கினேன்’ என்று கார் டிரைவர் இங்கே சத்தியம் செய்வதற்கு முன் ஒரு தடவை யோசித்துக்கொள்வது நல்லது!

இன்னொரு விசேஷமும் உண்டு. கார் பாட்டரிக்குப் பேர்போன வட்டாரம் இது. 1985-ல் தொடங்கப்பட்ட அமர ராஜா நிறுவனத்தின் பாட்டரித் தொழிற்சாலைகள் திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும், சித்தூர் மாவட்டம் நுனெகுண்ட்லபள்ளியிலும் இருக்கின்றன. பாட்டரி பிறக்கும் மண்ணிலும் பாட்டரி தீர்ந்து நிற்கிற கார்களுக்குப் பஞ்சமில்லை.

அம்பாசடர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை

முன்பெல்லாம் இது ஒரு பிரச்சினையே அல்ல. அம்பாசடர் காரிலும், பிரீமியர் பத்மினியிலும் கதவுக்குச் சாவித் துளை உண்டு. இரும்புச் சாவியைப் போட்டுத் திருகினால் திறந்துகொள்ளும். பாட்டரி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பழைய வண்டிகளை எஞ்சினின் முன்புறம் கைப்பிடிக் கம்பியைச் செருகிச் சுற்றியே கிளப்பிவிடுவார்கள். கை சுளுக்கிக்கொண்டவர்கள் உண்டு. கதவு திறக்காமல் வெளியே நின்றவர்கள் இல்லை.

கைப்பிடியைச் சுற்றும் கஷ்டத்தைப் போக்கியவர் அமெரிக்க எஞ்சினீயர் சார்லஸ் கெட்டரிங். அவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் வந்தது. அன்று முதல் காரும் பாட்டரியும் பிரிக்க முடியாத ஜோடி ஆயின. பிறகு ஒரே சமயத்தில் எல்லாக் கதவையும் பூட்டும் சென்ட்ரல் லாக் வந்தது. அதன் பிறகு ரிமோட் வந்தது. இப்போது சாவியைப் பையை விட்டு எடுக்கவே வேண்டாம். ஆள் அருகில் வந்து கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கிறது.

சௌகரியம்தான். ஆனால் இந்த வேலைகள் அனைத்தையும் செய்வது மின்சாரம். மின்சாரம் போனால் சௌகரியமும் போய்விடும்.

ஏன் தீர்கிறது?

கார் பாட்டரியில் 6 அறைகள் உண்டு. அறைக்கு 2 வோல்ட்டுக்குச் சற்று அதிகம். முழுதாக நிரம்பிய பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் வண்டி கிளம்புவது கஷ்டம். 11.8-க்கும் கீழே என்றால் ஏறக்குறையக் காலி என்று பொருள்.

சிறிய கார் ஒன்றில் 45 ஆம்பியர்-மணி பாட்டரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 55 வாட் முகப்பு விளக்குகள் இரண்டையும் அணைக்க மறந்தால், மணிக்கு 9 ஆம்பியர்-மணி வீதம் இழுக்கும். 5 மணி நேரத்தில் சுத்தமாகக் காலி. வண்டி கிளம்ப முடியாத நிலை அதற்கு வெகு முன்பே வந்துவிடும். உள்ளே எரியும் 5 வாட் சின்ன விளக்குகூட நாலு நாட்களில் கதையை முடித்துவிடும். எதுவும் எரியாவிட்டாலும் அலாரம், கடிகாரம் போன்றவை துளித்துளியாகக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மாதம் எடுக்காத கார் கிளம்பாமல் நிற்பது இதனால்தான்.

கோயில் யாத்திரையில் இதற்கு வாய்ப்பு அதிகம். பூஜையின்போது எல்லாக் கதவையும் திறந்து வைத்து, பாட்டும் போட்டு, விளக்கையும் எரியவிடுகிறார்கள். திருப்பதியில் காரை நிறுத்திவிட்டு அலிபிரி வழியாக நடந்தோ பஸ்ஸிலோ திருமலை ஏறுகிறவர்கள், தரிசனம் முடித்து இறங்க ஒரு நாள், இரண்டு நாள் ஆகிவிடுகிறது. அதுவரை உள்ளே காமிரா ஓடிக்கொண்டிருக்கலாம். போன் சார்ஜர் செருகியபடியே இருக்கலாம்.

வெயில் இன்னொரு பகை. குளிரில்தான் பாட்டரி படுத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் பாட்டரியின் ஆயுளைத் தின்பது வெயில். உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் சூட்டில் வேகமாக அரிக்கின்றன, தண்ணீரும் வற்றுகிறது. ராயலசீமை வெயிலில் மூன்று நான்கு வருஷம் உழைத்த பாட்டரியை அதற்குமேல் நம்புவதற்கில்லை.

முதலில் எது தீர்ந்தது என்று பாருங்கள்

ரிமோட்டை அழுத்துகிறீர்கள், கதவு திறக்கவில்லை. உடனே பதற வேண்டாம். தீர்ந்திருப்பது கார் பாட்டரியாகவும் இருக்கலாம். ரிமோட்டுக்குள் இருக்கும் பொத்தான் போன்ற சின்ன பாட்டரியாகவும் இருக்கலாம். 3 வோல்ட் கொண்ட அந்தச் சின்ன பாட்டரி கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். டாஷ்போர்டில் திருட்டு எச்சரிக்கைக்கான சிவப்புப் புள்ளி விளக்கு வழக்கம்போல் மின்னிக்கொண்டிருந்தால் கார் பாட்டரியில் உயிர் இருக்கிறது. தீர்ந்தது ரிமோட் பாட்டரி. அந்த விளக்கும் அணைந்து, வண்டியில் எந்தச் சலனமும் இல்லாவிட்டால் கார் பாட்டரிதான் படுத்துவிட்டது.

எதுவானாலும் உள்ளே போகும் வழி ஒன்றுதான்.

சாவிக்குள் சாவி

ரிமோட்டின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ சிறிய தாழ் ஒன்று இருக்கும். அதை நகர்த்தி அல்லது அழுத்திக்கொண்டே மேல்முனையை இழுத்தால், உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி வெளியே வரும். நீளம் இரண்டு அங்குலம் இருந்தால் அதிகம். ரிமோட் மட்டுமே உள்ள கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இது உண்டு. கத்திபோல் மடங்கி விரியும் சாவி என்றால் தேடவே வேண்டியதில்லை.

அடுத்தது துளை. நம் நாட்டுக் கார்களில் டிரைவர் பக்கம் என்பது வலப்புறக் கதவு. பெரும்பாலும் அந்த ஒரு கதவில்தான் துளை இருக்கும். சில கார்களில் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. அழகுக்காகப் பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருப்பார்கள். கைப்பிடியின் நுனியில், மூடிக்கு அடியில் மெல்லிய பிளவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கைப்பிடியைச் சற்று வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, சாவி நுனியை அந்தப் பிளவில் விட்டு மெதுவாக நெம்பினால் மூடி கழன்றுவிடும். உள்ளே துளை தெரியும்.

சாவியை முழுதாகச் செருகி இரு பக்கமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். வருஷக்கணக்கில் பயன்படுத்தாத பூட்டு இறுகியிருக்கும். பலத்தைக் காட்டினால் சாவி உடைந்து உள்ளேயே தங்கிவிடும். உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, பொறுமையாகத் திருப்ப வேண்டும். பூட்டுக்கென்று விற்கும் கிராபைட் தூள் போடலாம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசியைச் சேர்த்துக்கொண்டு பிறகு பூட்டையே கெடுத்துவிடும்.

இப்படித் திறந்தால் டிரைவர் கதவு ஒன்றுதான் திறக்கும். மற்றக் கதவுகளை உள்ளிருந்து கையால் திறந்துகொள்ள வேண்டும். மின்சாரத்தால் திறக்கும் டிக்கி திறக்காது. பின் சீட்டை மடித்து உள்ளே புகுந்தால், சில வண்டிகளில் டிக்கிக் கதவின் உள்பக்கம் அவசரத் தாழ் இருக்கும்.

ரிமோட் பாட்டரி மட்டும் தீர்ந்திருந்தால், கதவைத் திறந்ததும் அலாரம் கத்தலாம். கூட்டம் கூடிவிடும், வெட்கப்பட வேண்டாம். பொத்தானை அழுத்திக் கிளப்பும் பல கார்களில், ரிமோட்டை அந்தப் பொத்தானுக்கு ஒட்டினாற்போல் வைத்து அழுத்தினால் வண்டி கிளம்பும், அலாரமும் அடங்கும். ரிமோட்டுக்குள் இருக்கும் அடையாளச் சில்லுக்குத் தனி பாட்டரி தேவையில்லை. காரிலிருந்தே அதற்குச் சக்தி கிடைத்துவிடுகிறது. சில கார்களில் ரிமோட்டை வைக்க வேறு இடம் இருக்கும். அதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

கேபிள் உந்தா, அன்னா?

கார் பாட்டரியே தீர்ந்திருந்தால், அடுத்து பானெட்டைத் திறக்க வேண்டும். டிரைவர் காலடியில், டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள பிடியை இழுத்தால் போதும். இது கம்பியால் இயங்குவது, மின்சாரம் வேண்டாம்.

பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பலாம். சித்தூர்ப் பக்கம் தமிழில் கேட்டாலே பலருக்குப் புரியும். என்றாலும், ‘பாட்டரி அயிபோயிந்தி அன்னா, கேபிள் உந்தா?’ என்று தெலுங்கில் கேட்டுப் பாருங்கள். உதவி இன்னும் சீக்கிரம் வரும்.

உதவும் வண்டியும் 12 வோல்ட் வண்டியாக இருக்க வேண்டும். லாரி, பஸ் பலவற்றில் 24 வோல்ட். அதிலிருந்து இழுத்தால் காரின் மின் சாதனங்கள் கருகிவிடும். இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டின் எஞ்சினும் அணைந்திருக்க வேண்டும். பிறகு வரிசை இதுதான்:

முதலில் சிவப்புக் கேபிளின் ஒரு முனை, தீர்ந்த பாட்டரியின் பிளஸ் முனையில். மறு முனை, நல்ல பாட்டரியின் பிளஸ்ஸில். அடுத்து கறுப்புக் கேபிள், நல்ல பாட்டரியின் மைனஸில். அதன் மறு முனையைத் தீர்ந்த பாட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பாகத்தில் மாட்ட வேண்டும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். கடைசியாக மாட்டும்போது பொறி பறக்கும். அந்தப் பொறி பாட்டரிக்குத் தள்ளியே இருக்கட்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அருகில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. பாட்டரி உப்பியோ விரிந்தோ இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

நல்ல காரைக் கிளப்பிச் சில நிமிஷம் ஓடவிட்டு, பிறகு உங்கள் காரைக் கிளப்புங்கள். கிளம்பியதும், மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றுங்கள். அரை மணி நேரமாவது அணைக்காமல் ஓட்டுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மின்சாரம் திரும்பியவுடன் சில கார்கள் தாமாகவே கதவைப் பூட்டிக்கொள்ளும். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தால், தப்பித்த ஆபத்தில் மறுபடி விழுந்த கதைதான். வேலை முடியும்வரை சாவி கையிலும், கதவு திறந்தும் இருக்கட்டும்.

தள்ளிக் கிளப்பலாமா என்று கேட்பார்கள். கியர் மாற்றி ஓட்டும் பழைய வண்டிகளில் முடியும். ஆட்டோமேடிக் கியர் வண்டிகளை அப்படித் தள்ளிக் கிளப்பக்கூடாது. புதிய வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் வேண்டும். பாட்டரி அடியோடு தீர்ந்திருந்தால் எத்தனை பேர் தள்ளினாலும் பயனில்லை.

சாவி உள்ளே மாட்டிக்கொண்டால்

பழைய கார்களில் கண்ணாடி ரப்பருக்கு இடையே ஸ்கேலையோ கம்பியையோ விட்டுத் தாழை எடுத்துவிடுவார்கள். அந்த வித்தையைப் புதிய காரில் காட்ட வேண்டாம். கதவுக்குள் ஒயர்கள் ஓடுகின்றன. சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக் சம்பந்தப்பட்ட கருவிகளும் இருக்கின்றன. விவரம் தெரிந்த மெக்கானிக் கதவு விளிம்பில் காற்றுப் பையைச் செருகி, ஊதி, சற்று இடைவெளி உண்டாக்கி, நீளக் கம்பியால் உள் கைப்பிடியை இழுப்பார். கார் கம்பெனியின் சாலை உதவி எண்ணையும் அழைக்கலாம். இரண்டாவது சாவியை வீட்டுப் பீரோவில் பூட்டிவிட்டு வருவதைவிட, கூட வரும் இன்னொருவரிடம் கொடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

குழந்தை உள்ளே இருந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் பொறுமையோடு செய்ய வேண்டியவை. ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் பொறுமை கூடாது. அது, பூட்டிய காருக்குள் குழந்தை இருக்கும்போது.

2025-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, தெலுங்கானாவில் ரங்காரெட்டி மாவட்டம் தாமரகித்தாவில், நிறுத்தியிருந்த காருக்குள் ஏறிய இரண்டு சிறுமிகள் கதவு பூட்டிக்கொண்டதால் இறந்துபோனார்கள். அடுத்த மாதமே, மே 18-ந் தேதி, ஆந்திராவில் விஜயநகரம் மாவட்டம் துவாரபூடியில் விளையாடப் போன நான்கு குழந்தைகள் அதே விதமாகக் காருக்குள் சிக்கி மாண்டார்கள். அங்கே எமனாக வந்தது பாட்டரி அல்ல. பூட்டிய கதவும் வெயிலும்தான். பாட்டரி தீர்ந்த காரிலும் அதே கதவு, அதே வெயில்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தார் 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறுவதாகக் கண்டார்கள். அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தாலும் பெரிய பயன் இல்லை. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு பல மடங்கு வேகமாகச் சூடேறும்.

ஆகவே, உள்ளே குழந்தையோ முதியவரோ இருந்து, சாவியால் உடனே திறக்க முடியாவிட்டால், கண்ணாடியை உடைத்துவிட வேண்டும். குழந்தைக்குத் தூரமான பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில், கனமான கூர்முனைப் பொருளால் அடியுங்கள். பொடிப்பொடியாக உதிரும். முன் கண்ணாடியில் அடிக்காதீர்கள். அது இரண்டு அடுக்கு, விரிசல் விடுமே தவிர வழி விடாது. உடனே 112-க்கோ, ஆம்புலன்சுக்கு 108-க்கோ போன் செய்யச் சொல்லுங்கள். கண்ணாடியின் விலையைக் கணக்குப் பார்க்கும் நேரம் அதுவல்ல.

மின்சாரக் காரிலும் சின்ன பாட்டரி

நூற்றுக்கணக்கான வோல்ட் உள்ள பெரிய பாட்டரியில் ஓடும் மின்சாரக் காருக்கு இந்தத் தொல்லை இராது என்று எண்ணிவிடக்கூடாது. கதவு, விளக்கு, பூட்டு ஆகியவற்றுக்கு அதிலும் பொதுவாகத் தனியாக ஒரு சின்ன பாட்டரிதான். பெரிய பாட்டரி நிரம்பியிருந்தாலும் சின்னது படுத்தால் கதவு திறக்காது.

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 2021-ம் ஆண்டு டெஸ்லா மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 குறித்து விசாரணை தொடங்கியது. வெளிக் கைப்பிடிகள் மின்சாரம் போதாமல் செயலற்றுப் போவதாகப் புகார்கள் வந்தன. பின் சீட்டில் குழந்தை இருக்க, பெற்றோர் வெளியே மாட்டிக்கொண்டு, சிலர் கண்ணாடியை உடைத்து எடுத்தார்கள். உள்ளிருந்து திறக்கக் கையால் இழுக்கும் தாழ் உண்டு. ஆனால் கைக்குழந்தைக்கு அது எப்படித் தெரியும்?

ஒத்திகை பாருங்கள்

கார் வாங்கும்போது நிறம் பார்க்கிறோம், மைலேஜ் கேட்கிறோம். ‘பாட்டரி தீர்ந்தால் எந்த வழியாக உள்ளே போவது?’ என்றும் கேட்டுவிட வேண்டும். விற்பவர் அங்கேயே சாவியைப் பிரித்து, துளையைக் காட்டி, திறந்து காண்பிக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த இரும்புச் சாவியால் கதவைத் திறந்து பழகினால் பூட்டும் இறுகாது, கையும் மறக்காது. வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டுமல்லாமல் வீட்டுப் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நடக்கத் தெரிந்த குழந்தைக்கு, முன் சீட்டுக்குத் தாவி உள் கைப்பிடியை இழுத்துத் திறக்கக் கற்றுக்கொடுங்கள். பின் கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் அது உள்ளிருந்து திறக்காது. நிறுத்தியிருக்கும் காரை எப்போதும் பூட்டியே வையுங்கள்; குழந்தைகள் ஏறி விளையாட இடம் வைக்காதீர்கள்.

புதுக் காருக்குப் பூஜை போட வருகிறவர்கள், எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் இதற்கென்று ஒதுக்கினால் போதும். விக்கினம் தீர்க்கும் பிள்ளையாருக்கும் கொஞ்சம் வேலை குறையும்.